தட்டு மாற்றிய தூதர்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே இருங்கள் சார். எனக்கு வேண்டாம். நான் ஒரு இடத்தில் நிலையாக உட்காரப் போகிறவன் இல்லை. காரைக்காலில் பஸ்ஸைப் பத்து நிமிஷம் நிறுத்துவான், அங்கே இறங்குவேன், மறுபடி ஏறுவேன். உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தரங்கம்பாடியில்தான் நீங்களும் ஏறினீர்கள். டென்மார்க்காரன் கட்டிய கோட்டையைப் பார்க்க வந்தீர்களா? நல்லது. எந்த வருஷம் கட்டினார்கள், எந்த நாயக்கரிடம் இடம் வாங்கினார்கள், எல்லாம் சொல்லியிருப்பார்கள். அந்தக் கோட்டை எழும்பியபோது டென்மார்க்கில் ராஜாவாக இருந்தவருக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். ஆன் என்று பெயர். பதினாலு வயதில் ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கலியாணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு ஓடாது.

நாகப்பட்டினம் போகிறேன். என் சின்ன மகளைக் கூட்டிவர. பதினொரு நாளில் இது மூன்றாவது தடவை. ஆவணி இருபதாம் தேதி அவளுக்குக் கலியாணம். இன்றைக்கு எட்டு. மண்டபம் சொல்லியாகிவிட்டது. பத்திரிகை அச்சில் இருக்கிறது. பெண் மட்டும் வீட்டில் இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதியில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

என் பெயர் கலியபெருமாள். கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியை முப்பத்தோரு வருஷம் பார்த்துக்கொண்டேன். சாவி கொடுப்பது, போர்வை மாற்றுவது, வெந்நீர் வைப்பது. டென்மார்க்கிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள். நான் படித்தது எட்டாவது. அவர்கள் படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்களை நான் எடுத்துவைத்துக்கொள்வேன். ஒரு வருஷம் வயதான டீச்சர் அம்மாள் ஒருவர் வந்தார். போகும்போது இங்கிலீஷில் ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டே போனார். அந்தப் பக்கத்து ராணிகள், இளவரசிகள் எல்லாரையும் பற்றி. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், மூன்று ராஜ்ஜியம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தடவை முடிக்க நாலு வருஷம் ஆனது. என் மனைவி போன பிறகு இரண்டாம் தடவை படித்தேன். ஆறே மாதம். வீட்டில் பேச ஆளில்லை என்றால் படிப்பு ஓடும்.

கோடு கிழித்து ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன். பெண்ணின் பெயர், யார் மகள், எந்த ஊருக்குப் போனாள், எத்தனை வயதில், பிள்ளைகள் எத்தனை, எப்போது செத்தாள். நூற்றுப் பதினேழு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு சார். சண்டை வந்தால் பெண் கொடுப்பார்கள். சண்டை முடிந்தாலும் பெண் கொடுப்பார்கள். நம் சோழன் மகள் பாண்டியன் வீட்டுக்குப் போகவில்லையா, அந்த மாதிரி. கோயிலில் அந்தக் கதையைக் கேட்டுத்தான் என் மூத்தவளுக்கு மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்தேன்.

அவள் இல்லை சார் இப்போது. முந்தின வருஷம் கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். கையில் எட்டு மாதக் குழந்தை.

இந்த ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன். காற்று வரட்டும்.

குழந்தை பெயர் ஆதிரை. நாகூரில் அப்பாவிடம் வளர்கிறது. அப்பா என்றால் என் மருமகன் குணசீலன். ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். தங்கமான பிள்ளை. பேச்சுதான் கிடையாது. அவருடைய அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். நான் வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கேட்டில் வந்து தொங்கும்.

வைகாசியில் ஒரு நாள் சம்பந்தியம்மா காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "வேதாரண்யத்துல ஒரு பொண்ணு வந்திருக்கு சம்பந்தி. இவனும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பான்? வர்றவ எப்படி இருப்பாளோ. குழந்தைய ஒங்க வீட்டுக்கு அனுப்புவாளோ மாட்டாளோ, அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது."

நான் காபியை வைத்துவிட்டேன்.

"ஒங்க வீட்டுலயே ஒரு பொண்ணு இருக்கு," என்றார். "சித்தின்னு வர்றதுக்கு, சொந்தச் சித்தியே வந்துட்டா யாருக்கும் பாரமில்ல."

அவ்வளவுதான். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். இது ஒன்றும் புதிது இல்லையே சார், அக்காள் போனால் தங்கை போவது. எத்தனை வீட்டில் நடக்கிறது. அந்தக் குழந்தை வேறொருத்தி வாசலில் நின்று என்னை யாரோ என்று பார்க்கிற நாளை நினைத்தால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. என் மூத்தவளில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

டாக்மார் என்று ஒரு டென்மார்க் இளவரசி. ரஷ்ய ராஜாவின் மூத்த மகனுக்கு நிச்சயம் ஆனது. இவளுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அடுத்த வருஷமே பையன் நோய் வந்து இறந்துபோனான். சம்பந்தத்தை விட்டுவிட்டார்களா? இல்லை. தம்பிக்குக் கொடுத்தார்கள். ஆறு பிள்ளை பெற்று, ராணியாக வாழ்ந்தாள். இதைத்தான் சார் நான் தில்லையிடம் சொன்னேன். தில்லைநாயகி. அதுதான் சின்னவள். இருபத்தாறு வயது, நாகப்பட்டினத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள்.

ஆனால் சொன்னது பிறகு. அதற்கு முன்னாலேயே தட்டு மாற்றிவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆனியில் ஒரு புதன்கிழமைதான் நல்ல முகூர்த்தம் இருந்தது. புதன்கிழமை அவளுக்கு லீவு கிடையாது. "குழந்தையைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ, புடவை எல்லாம் வாங்கிக்கொண்டு நாகூருக்குப் போனேன். என் பங்காளி ஒருவன் கூட வந்தான். நானும் சம்பந்தியம்மாவும் தட்டை மாற்றிக்கொண்டோம். பெரியவர்கள் மாற்றினால் அது மாற்றியதுதானே. பெண் உள்ளறையில் இருந்தால் என்ன, லேபில் இருந்தால் என்ன?

அன்று சாயங்காலம் தில்லை குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். திரும்பவே இல்லை.

"யாருக்கு நிச்சயம்?"

"ஒனக்குத்தான்."

"எத்தன மணிக்கு?"

"பதினொரு மணிக்கு. நல்ல ஓரை."

"பதினொரு மணிக்கு நான் ஒரு அம்மாவுக்கு நரம்பு கிடைக்காம ரெண்டு கையையும் தட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா. அந்த அம்மாகிட்டகூட, குத்தட்டுமான்னு கேட்டுட்டுதான் குத்தினேன்."

இப்படித்தான் பேசுவாள். எதற்கோ எதையோ கொண்டுவந்து போடுவாள். நான் பொறுமையாக ஆனுடைய கலியாணத்தை எடுத்துச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன் என்று சொன்னேனே, அதுதான் இது. கலியாணத்துக்கு ஸ்காட்லாந்து ராஜா வரவில்லை. தூதரை அனுப்பினார். கடற்கரை மேல் பெரிய அரண்மனை. தூதர் மாப்பிள்ளைக்குப் பதிலாக நின்றார். சடங்குக்காக மணக்கட்டிலில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவும் செய்தார் என்று எழுதியிருக்கிறது. அது செல்லும் சார். மதகுருக்கள் ஒத்துக்கொண்ட முறை. பிறகு கப்பல் ஏறினாள். புயல் வந்து நார்வேயில் கொண்டுபோய் ஒதுக்கியது. ராஜாவே கடல் தாண்டிப் போய்க் கூட்டிவந்தார். அங்கே மாப்பிள்ளை இல்லாமல் நடந்தது. இங்கே பெண் இல்லாமல் நடந்தது. இவ்வளவுதான் வித்தியாசம். தூதர் வேலையை நான் பார்த்தேன்.

தில்லை டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப சரி. ஆவணி இருபதுக்கும் அதே தூதரே மணையில உக்காந்துடட்டும். நீங்க எடுத்த புடவை ஒங்க நெறத்துக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

முன் சீட்டு அம்மாள் சிரிக்கிறார் பாருங்கள். சிரிக்கட்டும். எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது. கேலி பேசுகிறாள் என்றால் சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் டாக்மாரைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தத் தம்பிக்கு இஷ்டமா?" என்றாள். அந்தத் தம்பி அப்போது வேறொரு பெண்ணிடம் மனதைக் கொடுத்திருந்தான். பட்டமே வேண்டாம், அவள்தான் வேண்டும் என்றுகூடச் சொல்லிப்பார்த்தான். புத்தகத்தில் இருக்கிறது. அது எதற்கு என்று நான் சொல்லாமல் விட்டிருந்தேன். இவள் எப்படியோ சரியாக அங்கே கையை வைக்கிறாள்.

"அதெல்லாம் போகப் போகச் சரியாயிடுச்சு. நல்லாத்தான் வாழ்ந்தாங்க," என்றேன். பொய் இல்லை. நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

"டாக்மார் என்ன சொன்னா?"

"எதுக்கு?"

"தம்பியக் கட்டிக்கன்னு சொன்னப்ப. என்ன சொன்னா?"

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு பேர் சார். வயது இருக்கிறது, வருஷம் இருக்கிறது, எந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கினாள் என்பதுகூட இருக்கிறது. என்ன சொன்னாள் என்று நான் ஒருத்திக்கும் எழுதிவைக்கவில்லை. அவள் நோட்டை வாங்கிப் புரட்டினாள். "நெறையக் கோடு போட்டிருக்கீங்க. இதுக்கு ஒரு கோடு போடலியேப்பா," என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு அது உறுத்திவிட்டது. படித்தவனை அப்படிக் கேட்கலாமா? மறுபடி புத்தகத்தை எடுத்தேன். ஆடி மாதம் முழுக்க அதே வேலை. பெண்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினேன். கிடைக்கிறது கொஞ்சம்தான். கடைசியில் ஒன்று பிடித்தேன். மார்கரேட் என்று ஒரு மகாராணி. பின்னால் மூன்று ராஜ்ஜியத்தையும் ஒரு குடைக்குக் கீழே கொண்டுவந்தவள். சாதாரண ஆள் இல்லை. அவளை நார்வே ராஜாவுக்குப் பத்து வயதில் கட்டிக்கொடுத்தார்கள். பதினேழு வயது இருக்கும்போது புருஷனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். இன்னும் இருக்கிறதாம். நான் ஓடிப்போய்த் தில்லையிடம் சொன்னேன்.

"கெடைச்சிருச்சு. மார்கரேட் சொன்னது இருக்கு."

"என்ன சொன்னா?"

"எனக்கும் என் வேலையாட்களுக்கும் சாப்பிடக் குடிக்கப் பத்தல, ஏதாவது ஏற்பாடு பண்ணுங்கன்னு எழுதியிருக்கா. கல்யாணம் வேணாம்னு ஒரு வார்த்தை இல்ல பாத்துக்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து வயசுல குடுத்துட்டாங்க. பதினேழு வயசுல பசிக்குதுன்னு எழுதுறா. இதக் கண்டுபிடிச்சு எங்கிட்ட பெருமையா வந்து சொல்றீங்களேப்பா."

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு சண்டை இல்லை, சத்தம் இல்லை. சோறு வடித்து வைத்திருந்தாள். ரசம் வைத்திருந்தாள். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அவள் கேட்டாள், நான் ஒரு மாதம் தேடிக் கொடுத்தேன்.

முதல் தடவை விடுதிக்குப் போனபோது கீழே இறங்கி வந்தாள். எதிர்க்கடையில் காபி வாங்கிக் கொடுத்தாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டாள். கலியாணப் பேச்சை எடுத்தால் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். இரண்டாம் தடவை ஆதிரையின் போட்டோ கொண்டுபோனேன். கேட்டில் தொங்குகிற போட்டோ. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, மசிந்துவிட்டாள் என்று நினைத்தேன். "குழந்தையத் தூண்டில்ல மாட்டாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

காரைக்கால் வந்துவிட்டது. ஒரு நிமிஷம். பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீ நன்றாக இல்லை. குடிக்கவும் இல்லை. இவன் என்ன, டிரைவரைக் காணோம்? ஆறு மணிக்கு மேல் போனால் விடுதியில் அவளைக் கீழே விடமாட்டார்கள். ம், வருகிறார், வருகிறார்.

என்ன கேட்டீர்கள்? மருமகன் என்ன சொன்னாரா? அவர் என்ன சொல்வார் சார். தட்டு மாற்றியபோது அங்கேதான் இருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா, "என்னடா, சரிதானே?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம். பிறகு நான் வாசலில் செருப்பைத் தேடியபோது அவரே எடுத்துப் போட்டார். "மாமா" என்றார். "என்ன மாப்ள?" என்றேன். "ஒண்ணுமில்ல, பாத்துப் போங்க," என்றார். அவ்வளவு மரியாதை. அப்படிப்பட்ட பிள்ளையை வேதாரண்யத்துக்கு விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

இன்றைக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கிறீர்களா? யோசித்து வைத்திருக்கிறேன். தில்லை, உன் அக்காவை நினைத்துப் பார் என்று சொல்லப் போகிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் நான் அந்த விடுதி வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். ராஜாவே கடல் தாண்டிப் போய்க் கூட்டிவந்தார் சார். நான் முப்பத்தைந்து கிலோமீட்டர்தானே வருகிறேன்.

திருமலைராயன்பட்டினமா இது? இன்னும் எவ்வளவு தூரம்... இருங்கள், போன். தில்லைதான்.

"சொல்லும்மா. நான் வந்துகிட்டே இருக்கேன், பட்டினம் தாண்டிட்டேன்... எங்க? நாகூர்லயா? அங்க எதுக்குப் போனே?... யாரு, அத்தானா?... நீயே கேட்டியா? யாரு கேக்கச் சொன்னது?... ம்... ம்... அவுங்க அம்மா இருந்தாங்களா?... ம்... குடு, அவர்கிட்ட குடு... சொல்லுங்க மாப்ள... ம்... ம்... அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?... அழுவாதீங்க மாப்ள. எதுக்கு அழுவுறீங்க?... சரி. வைங்க. வைங்க, பஸ்ல சத்தமா இருக்கு."

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா சார்? போதும், போதும்.

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக நாகூருக்குப் போயிருக்கிறாள். மாப்பிள்ளை அடுப்படியில் குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். நேரே போய், "அத்தான், ஒங்களுக்கு இதுல இஷ்டமா?" என்று கேட்டிருக்கிறாள். எந்தப் பெண்ணாவது இப்படிக் கேட்பாளா? அவரும் வாயைத் திறந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் திறக்காத வாய். "இல்ல தில்லை. ஒன்ன பள்ளிக்கூடப் பையோட பாத்தவன் நான். நீ சரின்னுட்டேன்னு மாமா சொன்னாரு, அதான் நான் பேசல" என்றாராம். இவள் சொல்லியிருக்கிறாள், "நீங்க சரின்னுட்டீங்கன்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு." இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்களாம். பால் பொங்கிப் போய்விட்டதாம்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை சார். இரண்டு பேரும் சரி என்றுதான் நினைத்தேன்.

சம்பந்தியம்மா முதலில் கத்தியிருக்கிறார். பிறகு மகன் அழுவதைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார். மங்கை போனதற்குக்கூட மாப்பிள்ளை அழவில்லை. கல் மாதிரி நின்றார். இப்போது அழுகிறார். எனக்கு இப்போது கலியாணம் வேண்டாம் மாமா, வேண்டும் என்றால் அப்புறம் நானே சொல்கிறேன் என்கிறார். வேதாரண்யத்துக்கும் அவரே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். ஆதிரையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரங்கம்பாடியில் கொண்டுவந்து விடுவார். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவார். நாளைக்கு யாரைக் கட்டினாலும் இது மாறாது என்று தில்லைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவளும் இன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாளாம். எல்லாம் முடிந்துவிட்டது. அரை மணி நேரத்தில்.

இல்லை, சந்தோஷம்தான். குழந்தை வருகிறது என்றால் எனக்குச் சந்தோஷம் இல்லையா? அதற்குத்தானே இத்தனையும். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள். நான் கேட்டதைவிட அதிகம்தான்.

ஆனால் சார், நீங்கள் வெளியூர்க்காரர், நியாயமாகச் சொல்லுங்கள். நான் அந்தப் பெண்ணைப் பெற்றவன். அந்தக் குழந்தைக்குத் தாத்தா. என் வீட்டு விஷயம். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், அங்கே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுப் போனில் சொல்கிறார்கள். பெரிய மனுஷன் ஒருத்தன் இருக்கிறானே, அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன்தான். அது வேறு. கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறதில்லையா? நான் இல்லாமலே எனக்கு முடிவு செய்கிறார்கள். இப்படியா சார் செய்வார்கள் ஒரு மனுஷனுக்கு?

நாகூரா? நாகூர் வந்துவிட்டதா? டிக்கெட் நாகப்பட்டினம் வரைக்கும் இருக்கிறது. பரவாயில்லை, கண்டக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் சார், நான் இறங்க வேண்டும். ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குழந்தை தூங்குவதற்கு முன்னால் போய்ப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நான் போகாவிட்டால், உட்கார்ந்து இன்னும் என்னென்ன முடிவு செய்கிறார்களோ.